கிழவருக்குக் கண் வைத்த ஞாயிறு

காஞ்சிபுரத்தில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் 'டிசைன் போடறவர்'. பட்டுப்புடவையின் கரையிலும் முந்தானையிலும் வரும் மயில், அன்னம், மாங்காய், கோபுரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பி, தறியில் ஏற்றுவதற்குத் தோதாகச் செய்து கொடுப்பது என் தொழில். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் அதையே கிராஃப் தாளில் பென்சிலால் செய்துகொண்டிருந்தேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆயுத பூஜைக்குக் கரும்பலகையில் சரஸ்வதி போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லாததால், "பையன் நல்லா படம் போடுவான்" என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசினார்கள்.

ஆனால் எனக்கு ஆசை வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் ஜவுளிக்கடையில், கல்லாவுக்குப் பின்னால் முதலாளியின் அப்பா படம் சந்தன மாலையோடு மாட்டியிருந்தது. எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மூக்குக்கண்ணாடிக்குள் ஈரமாக இரண்டு கண்கள். கிட்டே போனால் வெறும் திட்டுத் திட்டான சாயம். சாப்பாட்டு நேரத்தில் போய் அதன் எதிரே நிற்பேன். கொஞ்சம் முன்னால் போவேன், கொஞ்சம் பின்னால் வருவேன். எந்த இடத்தில் சாயம் கண்ணாக மாறுகிறது என்று கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை. இப்படி ஒரு முகத்தை நானும் வரைய வேண்டும் என்று அப்போது நினைத்தது, கல்யாணம், வாடகை வீடு, மகள் படிப்பு என்று ஒவ்வொன்றாக வந்து போன பிறகும், தலை நரைத்த பிறகும் அப்படியே இருந்தது.

மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போன வருஷம், பெரிய காஞ்சிபுரத்தில் வண்டி உதிரிபாகக் கடை ஒன்றின் மாடியில் ஞாயிறுதோறும் எண்ணெய் ஓவிய வகுப்பு ஆரம்பித்தார்கள். சொல்லிக்கொடுக்கிறவர் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த இளம்பெண். என் மகளுக்கு அக்கா மாதிரி இருப்பார். எல்லோரும் அவரை மிஸ் என்று கூப்பிட்டோம். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், ஒரு பல் டாக்டர், ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர், நான். இவ்வளவுதான் வகுப்பு.

என் மனைவி ஒரு தனியார் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கட்டண ரசீது, வருகைப் பதிவு, பெற்றோர் வந்து போடும் சண்டை என்று வாரம் முழுக்க அலைச்சல். மகள் இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல்தான் என்னோடு வண்டியில் ஏறி வந்தாள். முதல் வகுப்பில் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சும்மா உக்காந்துக்கினு இருக்கறதுக்கு நீங்களும் ஒண்ணு போடுங்களேன்" என்றார் மிஸ்.

"எனக்குக் கோலமே நேரா வராது மிஸ்" என்றாள் என் மனைவி.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவள் கோலத்தைத் தினமும் தாண்டிப் போகிறவன் நான். அது உண்மைதான். மிஸ் விடாமல் ஒரு கேன்வாஸை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டார்.

அன்றைக்கே ஒன்றைக் கவனித்தேன். நான் அவருக்கு 'சார்'. அவள் 'அக்கா'. அப்போது அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

முதல் படம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஐரோப்பாவில் பல நூறு வருஷங்களுக்கு முன்னால் யாரோ ஒரு பெரிய ஓவியர் வரைந்த கிழவர் படம். ஓவியர் பெயரை மிஸ் சொன்னார், எங்கள் வாயில் நுழையவில்லை. தலையில் குல்லாய், பழுப்பு அங்கி, பாதி முகம் வெளிச்சத்தில், மறுபாதி இருட்டில். கண்கள் நம்மைப் பார்க்கின்றனவா, நமக்குப் பின்னால் யாரையாவது பார்க்கின்றனவா என்று தெரியாது. பழைய ஓவியத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தால்தான் கைக்கு முகம் பழகும் என்றார் மிஸ். ஆளுக்கொரு பெரிய அச்சுப்பிரதி கொடுத்தார். அதன்மேல் கட்டம் போட்டு, கேன்வாஸிலும் அதே கணக்கில் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைய வேண்டும்.

கட்டம் என்றால் என் தொழில். மற்றவர்கள் அளவுகோலை வைத்துத் தடுமாறிக்கொண்டிருக்கையில் என் கிழவர் குல்லாயோடு கேன்வாஸில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாரும் வந்து சாரோட டிராயிங்கப் பாருங்க" என்று மிஸ் கூப்பிட்டுக் காட்டினார். பல் டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் மனைவியின் கிழவருக்குக் காது தாடையில் இருந்தது.

"இரு, நான் போட்டுத் தரேன்" என்று அவள் கையிலிருந்த கரித்துண்டை வாங்கி, அந்தக் காதை அழித்துச் சரியான இடத்தில் போட்டேன். அவளும் சந்தோஷமாக நகர்ந்து இடம் விட்டாள். திரும்பி வரும்போது வண்டியில், "நீங்க எப்படித்தான் இவ்ளோ கரெக்டா போடறீங்களோ" என்றாள். ஆசைப்பட்டுச் சேர்ந்த இடத்தில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கும்போது மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? வழியில் நிறுத்தி அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த கட்டத்தில்தான் கதை மாறியது. வரைந்ததன் மேல் பழுப்புச் சாயத்தை டர்பன்டைனில் கரைத்து, கேன்வாஸ் முழுக்கப் பூச வேண்டும். பிறகு வெளிச்சம் விழும் இடங்களைத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். நெற்றி, மூக்குத் தண்டு, கன்னத்து மேடு. நான் அவ்வளவு சிரமப்பட்டுப் போட்ட கோடுகளின் மேல் சாயத்தைப் பூச எனக்குக் கை வரவில்லை. நீர்க்கப் பூசினேன். கோட்டுக்குள்ளேயே துணியை விட்டு, ஓரம் கெடாமல் ஒற்றி எடுத்தேன். பக்கத்தில் என் மனைவி, சமையல் மேடையைத் துடைப்பதுபோல இழுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, நீங்க போட்ட காது போயிடுச்சுங்க" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். காது போயிருந்தது. கட்டங்கள் போயிருந்தன. ஆனால் அந்தப் பழுப்புப் புகைக்குள்ளிருந்து ஒரு கிழவர் வந்துகொண்டிருந்தார். நிஜமாகவே வந்துகொண்டிருந்தார். நெற்றி எலும்பு தெரிந்தது. அதற்குக் கீழே குழி தெரிந்தது.

மிஸ் அவள் பின்னால் வந்து நின்றார். என் படத்தின் முன் நிற்கும்போது அவர் பேசிக்கொண்டே இருப்பார். அளவு சரி, ஓரம் சுத்தம், ரொம்ப நல்லா இருக்குது சார். இங்கே பேசாமல் நின்றார். அன்றிலிருந்து நான் அவர் எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்க்க ஆரம்பித்தேன். கை என் கேன்வாஸில் இருக்கும், காது அவர் செருப்புச் சத்தத்தில் இருக்கும்.

பிறகு தோலின் நிறம். மனிதத் தோலுக்கு ஒரு நிறம் கிடையாது, கன்னத்தில் சிவப்பு இருந்தால் கண்ணுக்குக் கீழே சாம்பலும் பச்சையும் இருக்கும் என்று மிஸ் சொன்னார். எந்தச் சாயத்தோடு எது எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் கேட்டு, அதன்படியே கலந்தேன். என் தட்டில் சாயங்கள் புடவைக்கடைக் கலர் கார்டு மாதிரி வரிசையாக இருந்தன. அவள் தட்டு குழந்தை சாப்பிட்ட இலை மாதிரி இருந்தது. ஆனால் அந்தக் குழப்பத்திலிருந்து அவள் தூரிகையில் எடுத்து வைக்கிற ஒவ்வொரு பொட்டும் கிழவரின் கன்னமாக ஆயிற்று. நான் எடுத்து வைத்தது சாயமாகவே இருந்தது.

கண் வைத்த ஞாயிற்றுக்கிழமையை என்னால் மறக்க முடியாது. எண்ணெய் ஓவியத்தில் கண்ணை அவசரப்பட்டு வைக்கக் கூடாது என்று வாரக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தார் மிஸ். "இன்னிக்குக் கண்ணு வச்சிடலாம்" என்றார். நான் காலை முழுவதும் இடது கண்ணோடு மல்லுக்கட்டினேன். கருவிழி, இமை, ஓரத்து ஈரம், எல்லாம் அச்சுப்பிரதியில் இருக்கிற மாதிரியே. கழுத்து வலித்து நிமிர்ந்தபோது, என் மனைவி ஜன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் அவள் கேன்வாஸைச் சுற்றி நின்றார்கள்.

"இன்னா அக்கா இது, கெழவர் பேசிடுவாரு போல" என்றாள் ஒரு கல்லூரிப் பெண்.

எழுந்து போய்ப் பார்த்தேன். போகாமல் இருந்திருக்கலாம். கிழவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த யாரையோ பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். முதலாளியின் அப்பா படத்தின் முன்னால் வாலிபத்தில் நான் நின்றபோது எது எனக்குப் பிடிபடவில்லையோ, அது இங்கே ஈரம் காயாமல் இருந்தது.

"இடது கண்ணு பெருசா இருக்குது" என்றேன்.

"ஆமா சார்" என்றார் மிஸ், போனில் படம் எடுத்துக்கொண்டே. "இருக்கட்டும்."

அந்த 'இருக்கட்டும்' என்னைச் சுட்ட மாதிரி வேறு எந்தச் சொல்லும் சுட்டதில்லை. என் படத்தில் பெரிதாக ஒரு கண் இருந்திருந்தால் அது தப்பு. அவள் படத்தில் இருந்தால் இருக்கட்டும்.

வண்டியில் திரும்பும்போது வழக்கம்போல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் அவள் விரல்கள் தெரிந்தன. நகக்கண்ணில் பழுப்புச் சாயம். அந்த விரலை என் தோளிலிருந்து எடுக்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அன்று பூக்கடையில் நிறுத்தவில்லை. அவளும் கேட்கவில்லை.

நான் காரணம் தேடினேன். அவள் அப்பா பஸ் கண்டக்டர். அம்மா வழியில் விவசாயம். சிற்பி, தச்சர், படம் போடுகிறவர் என்று யாரும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஓவியப் பரிசு வாங்கியதாக ஒரு பேச்சும் இல்லை. ஏதாவது ஒரு காரணம் கிடைத்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ரத்தத்தில் இருக்கிறது என்றோ, கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டாள் என்றோ சொல்லிக்கொள்ளலாம். அவள் கஷ்டப்படவும் இல்லை. வகுப்புக்கு நடுவே பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால், தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு ரசீது எண் சொல்லுவாள்.

ஒருநாள் சீக்கிரமாகப் போய் மிஸ்ஸிடம் தனியாகக் கேட்டேன்.

"என் படத்துல என்ன குறை மிஸ்?"

"குறையே இல்லையே சார்."

"அப்புறம்?"

அவர் தயங்கினார். என் வயதுக்கு மரியாதை கொடுத்துத்தான் தயங்கினார், அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "எப்படிச் சொல்றதுன்னு தெரியல சார். நீங்க பிரிண்ட்டப் பாத்து போடறீங்க. அக்கா அந்த ஆளப் பாத்து போடறாங்க. அவ்ளோதான்."

அந்த ஆள் எங்கே இருக்கிறார்? செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. எங்கள் எதிரில் இருப்பது ஒரு தாள். அதைத்தான் நானும் பார்க்கிறேன். அவள் மட்டும் அதில் யாரைப் பார்க்கிறாள்? வீட்டுக்கு வந்து, அவள் குளிக்கப் போன சமயம், அவளுடைய அச்சுப்பிரதியை எடுத்து வைத்து வெகுநேரம் பார்த்தேன். தாள்தான் தெரிந்தது.

வைகாசிப் பிரம்மோற்சவம் வந்தது. எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு நடக்கிற தூரம். கருடசேவைக்கு என் அக்காவும் மாமாவும் தென்னேரியிலிருந்து முதல்நாளே வந்துவிடுவார்கள். விடியலில் கோபுர வாசலில் கருடன்மேல் பெருமாளைச் சேவித்துவிட்டு, கூட்டத்தில் நசுங்கி, வியர்த்துப்போய் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட உட்கார்ந்தோம். கூடத்துச் சுவரோரம் இரண்டு கிழவர்களும் காய்வதற்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தார்கள். வந்த அவசரத்தில் முதல்நாள் யாரும் கவனிக்கவில்லை.

இட்லியைப் பிட்ட அக்கா அப்படியே நிறுத்தினாள். "எப்பா! இன்னாடா இது, என்னையே பாத்துக்கினு இருக்குது."

அவள் விரல் நீண்டது என் மனைவியின் படத்தைப் பார்த்து.

"பாருங்க, இந்தக் கெழவன. நம்ம ஊர் ஏரிக்கரையில உக்காந்துக்கினு இருப்பாரே ஒருத்தர், பேசவே மாட்டாரே, அவரு கணக்கா இருக்குது" என்று மாமாவிடம் சொன்னாள். பிறகு என்னிடம், "உன் கையி அப்பவே அப்படிடா. நான் அப்பவே சொன்னேன் அம்மாகிட்ட" என்றாள்.

"அது நான் போட்டது இல்லக்கா. அவ போட்டது. அந்தப் பக்கம் இருக்கறதுதான் என்னுது."

அக்கா என் மனைவியைப் பார்த்தாள். என் படத்தைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "பொண்டாட்டிய இப்படி விட்டுக்குடுக்காத பேசறவன் எங்க கெடைப்பான்? கத்துக்குங்க" என்று மாமாவின் தோளில் தட்டினாள்.

"நெசமாத்தான் சொல்றேன். அவ போட்டது."

"சரிடா, சரிடா."

மாமா எழுந்து போய் என் கிழவரை உற்றுப் பார்த்துவிட்டு வந்தார். "இதுவும் நல்லா இருக்குதும்மா. சுத்தமா இருக்குது" என்று என் மனைவியிடம் ஆறுதலாகச் சொன்னார்.

என் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் வாழ்நாள் முழுக்கக் கேட்க ஆசைப்பட்ட பாராட்டு, என் சொந்த அக்கா வாயிலிருந்து, என் கூடத்தில், எனக்கே கிடைத்தது. அதில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை. புறப்படும்போது அக்கா, "கண்ணு பட்டுடும், சுத்திப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வீட்டில் அந்தப் படத்தின் மேல் கண் வைக்கிறவன் யார் என்று எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு சில நாட்கள் நான் சரியாகப் பேசவில்லை. ஒரு சாயங்காலம் அவள் தரையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"நான் வேணா கிளாஸ நிறுத்திடட்டாங்க?"

"ஏன்?"

"ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கெழம துணியாவது தொவைக்க ஆவும்."

அவள் தியாகம் செய்வதுபோலச் சொல்லவில்லை. பஸ்ஸுக்குப் பதில் ஆட்டோவில் போகட்டுமா என்பதுபோலச் சொன்னாள். அதுதான் என்னை வாட்டியது. நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்த ஒன்று அவளுக்கு வந்திருக்கிறது. அதை அவள் கொத்தவரங்காய்க் காம்பு மாதிரி கிள்ளிப் போடத் தயாராக இருக்கிறாள்.

"உன் இஷ்டம்" என்றேன்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. மாடிப்படியில் கால் வைக்கும்போதே மிஸ், "அக்கா வரலையா சார்?" என்றார். பல் டாக்டர் கேட்டார். ரயில்வேக்காரர் கேட்டார். எல்லோருக்கும் துணி துவைக்கிறாள் என்று பதில் சொன்னேன். பக்கத்து இடம் காலி. யாரும் எங்கும் அதிக நேரம் நிற்கவில்லை. நான் நினைத்த நிம்மதி வரவில்லை. அன்று வேண்டுமென்றே கட்டத்தை விட்டு, துணியை இழுத்துத் துடைத்து, தட்டில் சாயத்தைக் குழப்பிப் பார்த்தேன். கிழவரின் தாடை சேறானது. மிஸ் வந்து, "பரவால்ல சார், காஞ்சதும் சரி பண்ணிடலாம்" என்றார். 'இருக்கட்டும்' என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கொடி நிறையத் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவள் மின்விசிறிக்குக் கீழே நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். நின்று பார்த்தேன். அந்தத் தூக்கத்தின் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அடுத்த பாடம், உயிருள்ள ஆளை எதிரில் உட்கார வைத்து வரைவது. ஆளுக்கொருவரை வீட்டிலிருந்து அழைத்து வரச் சொன்னார் மிஸ். என் மனைவிக்கு அவரே போன் செய்து, "நீங்க வந்தே ஆவணும் அக்கா" என்று சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"நான் யாரக் கூட்டிக்கினு போறது? நீங்க உக்காருங்களேன்."

"அப்ப நான் எப்படிப் போடறது?"

"எனக்கு முடிஞ்சதும் நான் உக்காரறேன், நீங்க போடுங்க."

மாட்டேன் என்ற சொல் வாய்வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். சரி என்றேன்.

ஜன்னலோரம், முதல் நாள் அவள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். இடது பக்கத்திலிருந்து வெளிச்சம். கேன்வாஸின் பின்புறம் மட்டும்தான் எனக்குத் தெரியும். அதற்கு மேலே அவள் முகம். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள், தலை கீழே போகும், மறுபடி மேலே வரும். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை இத்தனை நேரம் பார்த்ததில்லை. காபி கொடுக்கும்போது, சண்டை போடும்போது, மகள் பிறந்தபோது, எப்போதுமே பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிற பார்வைதான். இது வேறு. என்னைப் பார்க்கவில்லை, என் கன்னத்துக்குக் கீழே இருக்கும் நிழலைப் பார்க்கிறாள். எனக்குக் கூசியது. அதே நேரத்தில் அவள் தூரிகை தட்டில் எந்தச் சாயத்துக்குப் போகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையைத் தொட்டாள். என் முகத்தில் எங்கே பச்சை? அடுத்து எதைத் தொடுவாள் என்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நான் நினைத்ததை விட்டுவிட்டு வேறொன்றைத் தொட்டாள்.

இப்படிச் சில ஞாயிறுகள் போயின. முடிக்கும்வரை பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். பார்க்கச் சொன்ன அன்று, எழுந்து மரத்துப்போன காலை உதறிக்கொண்டு போய் நின்றேன்.

முதலில் கோபம்தான் வந்தது. என்னை வயசாளியாக்கியிருந்தாள். தாடை தளர்ந்திருந்தது. பிறகு கண்களுக்கு வந்தேன். அவை நேராகப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே, கொஞ்சம் பக்கவாட்டில், யாருடைய கையையோ பார்த்துக்கொண்டிருந்தன. உதடுகள் ஒன்றை மென்று விழுங்காமல் வைத்திருப்பதுபோல் மூடியிருந்தன.

அந்தப் பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். வாலிபத்தில் நான் போட்ட முந்தானை டிசைன் ஒன்று நன்றாக ஓடி, எல்லோரும் என்னைத் தட்டிக்கொடுத்தபோது, கூட வேலை செய்த ஒருவர் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, "யாரு குடுத்த ஐடியாபா?" என்று கேட்டார். அப்போது அவர் கண் என் பென்சிலில் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரித்தேன், அந்த ஆள் வயிறு எரிகிறான் என்று. அதே கண். என் முகத்தில்.

"சார் எதையோ கேக்க வர்றாரு, ஆனா கேக்கல" என்றாள் கல்லூரிப் பெண். மிஸ் பேசாமல் நின்றார். அந்தப் பேசாமை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, பக்கத்துக் கடையில் டீ வாங்கினேன். அவள் கேன்வாஸைச் சாயம் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் அப்படியா இருக்கேன்?" என்றேன்.

"நீங்க அப்படித்தான் பாத்துக்கினு இருந்தீங்க. நான் வேற எப்படிப் போடறது?"

"உனக்குத் தெரியுமா?"

"கூடப் படுத்து எழுந்திருக்கிறவளுக்குத் தெரியாதா?"

"எப்பலேர்ந்து?"

"கெழவருக்குக் கண்ணு வச்ச அன்னிலேர்ந்து. அன்னிக்கு பூக்கடைய தாண்டி வந்துட்டீங்க." டீயை ஒரு வாய் குடித்தாள். "சரியா வராம போடலாம்னு ஒருநாள் பாத்தேங்க. கன்னத்த கெடுத்துப் பாத்தேன். அதையும் மிஸ் நல்லா இருக்குதுன்னுட்டாங்க. நான் இன்னா பண்ணட்டும்? எப்படி வருதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சா உங்களுக்குச் சொல்ல மாட்டனா?"

அவள் சமாதானம் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். எனக்காக அவள் கெடுத்துப் பார்த்திருக்கிறாள் என்று கேட்டதும் என் கண் கலங்கியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. கெடுத்தாலும் அவளுக்கு நன்றாக வருகிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டது அந்த ரயில்வே கேட்டில்தான். ரயில் போயிற்று. கேட் திறந்தது. வண்டியை எடுத்தேன்.

அவள் பின்னால் ஏறும்போது, "அந்தக் கண்ண எதுல ஆரம்பிச்ச? வெள்ளையிலயா, கறுப்புலயா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "கண்ணுல ஆரம்பிக்கலீங்க. அதுக்கு மேல இருக்கற குழிய போட்டேன். கண்ணு தானா வந்துச்சு."

மறுநாளே அதைச் செய்து பார்த்தேன். எனக்குக் கண் தானாக வரவில்லை. குழி மட்டும் வந்தது. ஆனால் குழி முன்பைவிட நன்றாக இருந்தது. அது எனக்கே தெரிந்தது.

சொன்னபடி அவள் எனக்காக உட்கார்ந்தாள். நான் வரைந்த அவள் முகம் ஒழுங்காக, அமைதியாக, ஒரு புடவை விளம்பரத்தில் வருகிற மாதிரி வந்தது. அதைத் தன் போனில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டாள். "நீங்க போட்டதுலதான் நான் அழகா இருக்கேன்" என்றாள். அது பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் வரைந்த என் முகத்தை எங்கே மாட்டுவது என்று கேட்டாள். கூடத்தில் வேண்டாம் என்றேன். படுக்கை அறையில் மாட்டினாள். லீவுக்கு வந்த மகள் அதைப் பார்த்துவிட்டு, "நான் ஸ்கூட்டி கேட்டப்ப நீ இப்படித்தான்பா பாத்துக்கினு இருந்தே" என்றாள்.

இப்போது என் மனைவியின் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை, தன் அம்மாவை வரைந்து தரச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் சில ஞாயிறுகளில் எங்கள் வீட்டுக்கே வந்து உட்காருகிறார். நான் அதே அறையில், வேறொரு பழைய ஓவியத்தை, ஒரு பெண்ணின் முகத்தை, பார்த்து வரைந்துகொண்டிருக்கிறேன். அவள் கேன்வாஸ் என் கண்ணில் படாதபடி என் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். அவள் அதைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தாள். இருந்தாலும் நடுவில் ஒருமுறையாவது எழுந்து போய் அவள் பின்னால் நிற்பேன்.

"இன்னாங்க, எப்படி இருக்குது?" என்பாள், திரும்பாமலே.

"நல்லா இருக்குது" என்பேன். அது உண்மை. அதைச் சொல்வதற்கு முன்னால் இன்றைக்கும் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கிறது.